கன்னத்துச் சதை

ஆடி மாதம் பாஞ்சாலியின் கன்னம் உப்பத் தொடங்கியபோது, அவளைவிட அவள் மாமியார் கோவிந்தம்மாளுக்குத்தான் தலைகால் புரியவில்லை. திண்டிவனத்துக்குத் தெற்கே, விழுப்புரம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது அந்த ஊர். அங்கே மருமகள் இளைத்தாலும் மாமியாரைப் பேசுவார்கள், பெருத்தாலும் மாமியாரைத்தான் பேசுவார்கள். ஒரு வருஷமாக முதல் பேச்சைக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்த கோவிந்தம்மாள், இரண்டாவது பேச்சுக்காக ஏங்கிக் கிடந்தாள். தண்ணீருக்குப் போகும்போது மருமகளை முன்னே விட்டுத் தான் பின்னே நடந்தாள். எதிரே வருகிறவர்களின் கண்ணில் முதலில் அந்தக் கன்னம்தான் பட வேண்டும்.

"இன்னா கோவிந்தம்மா, மருமவளுக்கு இன்னாத்தைப் போட்டு வளக்குற? பூசணிக்கா கணக்கா ஆயிட்டாளே" என்று யாராவது கேட்டுவிட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கண்ணு வைக்காத போ" என்று கடிந்துகொள்வாள். வாய்தான் கடியும். முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

அவள் பட்ட பாட்டைத் தெரிந்தவர்கள் அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்லமாட்டார்கள். பாஞ்சாலிக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் சளி, பிறகு ரத்தம். பொழுது விடிவதற்குள் பலமுறை கொல்லைக்கு ஓடுவாள். வந்து உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி ஓடுவாள். சீதபேதி என்றார்கள். மாதுளை ஓட்டைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். திண்டிவனத்தில் ஒருவர் ஊசி போட்டார். திருவக்கரை அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலையும் போட்டாயிற்று. நின்ற மாதிரி இருக்கும், நாலு நாள் கழித்துத் திரும்ப வரும். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு உருகிப்போனாள்.

அந்தச் சமயத்தில்தான் வளவனூரிலிருந்து பாஞ்சாலியைப் பெற்ற லட்சுமியம்மாள் வந்தாள். மகளைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளே கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, தெருவில் நின்று கேட்டாள்.

"எம்பொண்ணுக்குச் சோறு போட்டியா, இல்ல பானையை மூடி வச்சிக்கினு நீயே துன்னியா?"

ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கரண்டியைக் கோவிந்தம்மாள் கையில்தான் கொடுப்பார்கள். அவள் போடுகிற சோற்றைப் போதும் என்று கையை மறித்துத்தான் நிறுத்த வேண்டும். அப்படிப்பட்டவளைப் பார்த்து அந்தக் கேள்வி. வெட்டினால்கூட ஆறியிருக்கும், இது ஆறவில்லை. லட்சுமியம்மாள் மகளைக் கையோடு அழைத்துப் போகத்தான் வந்திருந்தாள். பாஞ்சாலிதான் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றாள். பெண் பிள்ளை இல்லாத கோவிந்தம்மாளுக்கு அன்றைக்கே அவள் மகளாகிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மகன் சீனுவாசன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை போட விழுப்புரம் போனபோது டாக்டர் அரங்கநாதனைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தான். ரயிலடிப் பக்கம் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவர் பாஞ்சாலியைப் பார்த்துவிட்டு, சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"பெருங்குடல்ல உள்பக்கமா புண்ணு இருக்குது. சீதபேதி இல்லை. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டாது. சோறு போடாததால வந்ததும் இல்லை."

"அதைக் கொஞ்சம் வளவனூருக்கு வந்து சொல்லுங்கய்யா" என்றாள் கோவிந்தம்மாள்.

டாக்டர் சிரித்தார். "ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியா தெரியாதும்மா. இது அடியோட போற நோவு இல்லை. அடங்கும், எழும்பும். அடங்கினதை அடக்கி வைக்கிறதுதான் வைத்தியம்." மாத்திரை இரண்டு விதம் கொடுத்தார். மஞ்சள் மாத்திரையை நீண்ட நாளைக்கு விடாமல் சாப்பிட வேண்டும். நீர் மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்படக் கூடாது. வெள்ளை மாத்திரை சின்னது, ஆனால் கெட்டிக்காரன். தினம் எட்டில் ஆரம்பித்து, அவர் சொல்லச் சொல்லக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். "நீங்களா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. மாசா மாசம் வந்து காட்டணும். இன்னொண்ணு. இந்த மாத்திரையில மூஞ்சி உப்பும். அது சதை இல்லை, மருந்தோட வேலை. பார்த்து மயங்கிடாதீங்க."

கடைசியில் சொன்னது கோவிந்தம்மாள் காதில் விழுந்தது, ஆனால் தங்கவில்லை. அவள் மனசெல்லாம் டாக்டர் சொன்ன சாப்பாட்டில் இருந்தது. புண் ஆறுகிறவரைக்கும் குழைந்த சோறு, மோர், அவித்த முட்டை, கனிந்த வாழைப்பழம். காரம் ஆகாது, மல்லாட்டை ஆகாது, கேப்பைக்களி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். "காரமும் இல்லாம மல்லாட்டையும் இல்லாம இன்னாத்தைய்யா ஆக்கறது?" என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மகனிடம் புலம்பினாள். வீட்டுக்கு வந்ததும் தனி அடுப்பு மூட்டி, தனிப் பானை வைத்துக் குழைய ஆக்கினாள்.

வெள்ளை மாத்திரை சொன்னபடி வேலை செய்தது. சில நாளிலேயே ரத்தம் நின்றது. ஓட்டம் குறைந்தது. பாஞ்சாலிக்குப் பசியெடுத்தது. பசி என்றால் அகோரப் பசி. அவள் மூன்றாவது தடவை சோறு கேட்டபோது கோவிந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது கன்னம் வந்தது. டாக்டர் எச்சரித்ததை அவள் சுத்தமாக மறந்தாள் என்று சொல்ல முடியாது. நினைத்துப் பார்த்தால் தன் குழைந்த சோற்றுக்குப் பேர் இல்லாமல் போய்விடுமே என்று நினைக்காமல் விட்டாள்.

செய்தி கேட்டு லட்சுமியம்மாள் வந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இப்பத்தான் நான் பெத்த பொண்ணு மாதிரி கீறா. சம்பந்தியம்மா, அன்னிக்கு வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க."

"அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன்" என்று கோவிந்தம்மாள் கூசாமல் பொய் சொன்னாள்.

லட்சுமியம்மாள் கிளம்புகிறபோது விஷயத்துக்கு வந்தாள். பாஞ்சாலியின் தம்பி துரைக்கண்ணுக்குப் பெண் அமைந்துவிட்டது, பங்குனியில் கல்யாணம். "சாதி சனம் பூரா வரும். இதே மூஞ்சியோட கூட்டிக்கினு வாங்க. பழையபடி எலும்பும் தோலுமா வந்தாள்னா, நான் திருப்பி அனுப்பமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் செய்கிறவள் என்பது அந்த வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் டாக்டர் மாத்திரையை ஆறாகக் குறைத்தார். அடுத்த தடவை நாலு என்றார். நாலுக்கு வந்த கொஞ்ச நாளில் கன்னம் வற்ற ஆரம்பித்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. கோவிந்தம்மாளுக்குத் தெரிந்தது. காலையில் கஞ்சி கொடுக்கும்போது பார்ப்பாள், மத்தியானம் சோறு போடும்போது பார்ப்பாள், ராத்திரி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள். குறைந்துகொண்டுதான் வந்தது. சாதி சனம் பூரா வரும் என்ற குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

மாத்திரைச் சீசா அவள் பொறுப்பில் இருந்தது. சமையலறை மாடத்தில் வைத்து, காலையில் தானே எண்ணி மருமகளின் உள்ளங்கையில் போடுவாள். ஒருநாள் நாலுக்குப் பதிலாக எட்டைப் போட்டாள்.

"நாலுதானே அத்தே சொன்னாரு டாக்டரு?"

"அவரு சொன்னது எனக்குத் தெரியாதா? குடுத்ததை முழுங்குடி."

பாஞ்சாலி முழுங்கினாள். மாமியார் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை. சீசா காலியானால் திண்டிவனத்து மருந்துக்கடையில் காட்டினால் போதும், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள். விழுப்புரம் போக வேண்டிய நாள் வந்தபோது, "நல்லாத்தானே கீறா, வேலை நாள்ல எதுக்குப் பஸ்ஸு ஏறிக்கினு பேஜாரு?" என்று மகனைத் தடுத்துவிட்டாள். சீனுவாசனும் களை எடுக்கிற அவசரத்தில் சரி என்றான். கன்னம் திரும்பி வந்தது. முன்னைக்கு இப்போது இன்னும் உருண்டையாக வந்தது. கோவிந்தம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்கினார்கள். பிடுங்கிய செடியைக் குவித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். பாஞ்சாலியும் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"மாமியா போட்ட சோறு எழுந்திரிக்க வுடமாட்டேங்குது பாரு" என்றாள் கூலிக்கு வந்திருந்த அம்மணி. எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாளும் உள்ளுக்குள் குளிர்ந்துபோய்ச் சிரித்தாள். பக்கத்திலிருந்த ஒருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, கோவிந்தம்மாள் வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தாள். பாஞ்சாலி தனியாக இருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். முதலில் மண்ணில் கை ஊன்றி நாலு காலில் நின்றாள். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து அழுத்தினாள். அந்தக் கையைத் தொடைக்கு நகர்த்தினாள். மற்றக் கையையும் நகர்த்தினாள். தன் உடம்பின்மேல் தானே ஏறுகிற மாதிரி ஏறி, ஒருவழியாக நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினாள்.

அன்றைக்குக் குளிக்கத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கோவிந்தம்மாள் வலுவில் போனாள். சேலையில்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகம் பெருத்திருந்தது, வயிறு பெருத்திருந்தது. தொடையும் கையும் சூம்பிக் கிடந்தன. வயிற்றில் கருஞ்சிவப்பாக வரிவரியாகக் கோடு ஓடியிருந்தது. லேசாக இடித்த இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. தான் போட்ட சோறு ஒன்றும் அந்த உடம்பில் சேரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த செம்பை வைத்துவிட்டாள்.

"எத்தினி நாளாடி இப்படி?"

"ஐப்பசியிலேருந்து அத்தே. படி ஏற முடியல. ராத்திரி தூக்கமும் இல்ல, தாகமா எடுக்குது."

"ஏன்டி சொல்லல?"

"ஊருல எல்லாரும் என்னைப் பாத்துட்டு உங்களைத்தானே மெச்சினாங்க. நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதான்."

கோவிந்தம்மாள் யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு ஈரத் தரையில் உட்கார்ந்து மருமகளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மருமகளுடன் விழுப்புரம் போய் இறங்கினாள். டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. எட்டு மாத்திரை, மருந்துக்கடை, பங்குனிக் கல்யாணம் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் பாஞ்சாலியை உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார். நீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு, அதில் சர்க்கரை கொஞ்சம் கலந்து வருகிறது என்றார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் கோவிந்தம்மாளுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"முகத்தைக் காப்பாத்தப் போய் காலைக் குடுத்துட்டீங்களேம்மா" என்றார்.

"இன்னியோட அந்த எழவு மாத்திரையைக் கெணத்துல போட்டுடறேன்யா."

"அதைத்தான் செய்யக் கூடாது!" என்று இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "உடம்பு தானா சுரக்க வேண்டிய ஒண்ணை இந்த மாத்திரை தூங்கவச்சிருக்குது. திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கணும். மஞ்சள் மாத்திரை அப்படியே இருக்கட்டும். காலுக்குப் பலம் திரும்பும், ஆனா நாளாகும். முகம் அதுக்கு முன்னாடியே வத்திப்போயிடும்."

கோவிந்தம்மாள் மனசுக்குள் மாதத்தைக் கூட்டிப் பார்த்தாள். பங்குனி வரும்போது கன்னம் இருக்காது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது. "கல்யாணம் வரைக்கும் இப்படியே வச்சிருந்துட்டு அப்பால குறைச்சா ஆவாதாய்யா?"

பாஞ்சாலி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் அதைப் பார்த்தாள். எழுந்து போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"இன்னியிலேருந்தே குறைங்கய்யா" என்றாள்.

மார்கழியும் தையும் மாசியும் மாத்திரை இறங்குகிற காலமாகவே போயிற்று. இப்போது தண்ணீருக்குப் போகும்போது கோவிந்தம்மாள் முன்னே நடந்தாள். "இன்னா, மருமவ மறுபடி இளைச்சிட்டாளே" என்று கேட்கிறவர்களுக்கு அவளே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் மாத்திரைக் கதையை முழுசாகச் சொன்னாள். கேட்டவர்கள் நம்பாத மாதிரி தலையாட்டினார்கள். பிறகு, "ஆமா, இளைச்சிட்டா" என்று மட்டும் சொல்லிக் குடத்தை இறக்கினாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

தை நடுவில் ஒருநாள் மறுபடி ரத்தம் தெரிந்தது. மாடத்தில் சீசா இருந்தது, கோவிந்தம்மாளின் கை அதன் பக்கம் போகவில்லை. அன்றைக்கே விழுப்புரம் ஓடினார்கள். இறங்குகிற வழியில் இப்படி ஆவது உண்டு என்று சொன்ன டாக்டர், கொஞ்ச நாளைக்கு இருக்கிற இடத்திலேயே நிறுத்திவைத்து, அடங்கிய பிறகு மறுபடி இறக்கினார். தினமும் காலையில் கஞ்சி குடித்ததும் கோவிந்தம்மாள் மருமகளைத் தரையில் உட்காரவைப்பாள். "எங்க, எழுந்திரு பாக்கலாம்" என்பாள். முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கை ஊன்றுகிறாளா என்று மட்டும்தான் பார்ப்பாள். மாசி முடியும்வரை ஊன்றிக்கொண்டுதான் இருந்தாள்.

பங்குனியில் வளவனூரில் கல்யாணம். பந்தலுக்குள் நுழையும்போதே லட்சுமியம்மாளின் கண் மகளின் முகத்தில் குத்தி நின்றது. உப்பியிருந்த கன்னம் போய், எலும்பு மேலே தெரிகிற பழைய முகம் வந்திருந்தது. சுற்றியிருந்த சாதி சனமும் பார்த்தது.

"இன்னா சம்பந்தியம்மா, மறுபடியும் உறிஞ்சி எடுத்துட்டுக் கூட்டிக்கினு வந்திருக்கீங்க?"

கோவிந்தம்மாளின் நாக்கில் நூறு பதில் வந்து நின்றது. விழுப்புரத்து டாக்டரைப் பற்றிச் சொல்லலாம், வீக்கத்தைப் பற்றிச் சொல்லலாம், தான் செய்ததையும் சொல்லலாம். அந்த மேளச் சத்தத்தில், அத்தனை பேர் நடுவில், எதைச் சொன்னாலும் சாக்குப்போக்காகத்தான் படும். வெட்கத்தில் காது சுட்டது.

"முகூர்த்தம் நல்லபடியா முடியட்டும். அப்பால பேசலாம்" என்றாள்.

"பேச இன்னா இருக்குது? அவ இங்கியே இருக்கட்டும்" என்று லட்சுமியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூரத்தில் நின்ற சீனுவாசன் தரையைப் பார்த்தான்.

தாலி கட்டியாயிற்று. பந்தி போட்டார்கள். கோவிந்தம்மாள் ஒரு வரிசையில், பாஞ்சாலி எதிர் வரிசையில். பாஞ்சாலி காரத்தை ஒதுக்கி, மோரை ஊற்றிப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அவள் மடியில் அவளுடைய அண்ணன் குழந்தை ஏறி உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தி எழுந்திருக்கும்போது எல்லோரும் சேர்ந்துதான் எழுந்திருப்பார்கள். இவள் மட்டும் தரையில் கை ஊன்றித் தடுமாறினால், அதையும் இத்தனை பேரும் பார்ப்பார்கள். அதற்குமேல் லட்சுமியம்மாளைத் தடுக்க யாராலும் ஆகாது.

கடைசிப் பாயசம் வந்துபோனது. பெரியவர் ஒருவர் எழுந்தார். வரிசை முழுக்க எழுந்தது. பாஞ்சாலி குழந்தையை இடுப்பில் இடுக்கினாள். எச்சில் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். எதையும் தொடாமல், யாரையும் பிடிக்காமல், ஒரே மூச்சில் எழுந்து நின்றாள்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. எழுந்து நிற்பதில் கவனிக்க என்ன இருக்கிறது? கோவிந்தம்மாள் ஒருத்திதான் இலை முன்னால் அப்படியே உட்கார்ந்து, கண்ணீர் மோர்ச்சோற்றில் விழ விழப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு சம்பந்தியம்மா? எதுக்கு அழுவுறீங்க?" லட்சுமியம்மாள் பதறிப்போய் வந்தாள்.

"எழுந்திரிச்சிட்டா" என்றாள் கோவிந்தம்மாள்.

லட்சுமியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாஞ்சாலி கையைக் கழுவிவிட்டு வந்தாள். குழந்தையைத் தன் தாயின் கையில் கொடுத்தாள். குனிந்து மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். மரத்துப்போன காலுடன் கோவிந்தம்மாள்தான் தடுமாறினாள்.

"அம்மா, நான் நல்லாத்தான் கீறேன். அந்தக் கன்னம் என்னுது இல்ல, மாத்திரையோடது" என்றாள் பாஞ்சாலி. "திங்கக்கெழமை டாக்டரைப் பாக்கணும். அத்தைதான் கூட வரணும், அவங்களுக்குத்தான் கணக்கு தெரியும்." பிறகு மாமியாரின் சேலையில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்: "அத்தே, நம்ம ஊட்டுக்குப் போவ கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்கு?"